ஒரு ஞாயிறு, பத்துப் பதிவுகள்

"நான் சொல்றதைக் கொஞ்சம்—"

"உன் வாசிப்பைக் கேட்டுக் கேட்டுத்தான்க்கா காது புளிச்சுப்போச்சு. முதல் நாள் கதவு கிறீச்சிடற மாதிரி இருந்துச்சாம், இன்னிக்குத் தேன் சொட்டுதாம். டீச்சர் எல்லாருக்கும் போட்டுக் காட்டறாங்க. நான் இன்னும் கதவுகிட்டயே நிக்கறேன். நாளைக்கே வாடகை வயலினைத் திருப்பிக் கொடுத்துடறேன்."

மருந்துக்கடை வேலையிலிருந்து வந்த தங்கை இன்னும் உடுப்புகூட மாற்றவில்லை. தையல் இயந்திரத்தின் முன் அக்கா, மடியில் ஒற்றைச் சட்டைக்கையோடு உட்கார்ந்திருந்தாள். இருவரும் இரண்டு மாதம் முன்பு ஒன்றாகத்தான் வயலின் வகுப்பில் சேர்ந்தார்கள். பத்து நாளாக டீச்சர் புதுச் சட்டம் போட்டிருந்தார்: தினமும் பயிற்சி செய்து, ஒரு நிமிடம் பதிவு செய்து வகுப்புக் குழுவுக்கு அனுப்ப வேண்டும்.

"அவசரப்படாதேடி. உனக்கும் வரும்."

"உனக்கு வந்துடுச்சே. ஒரே வயித்துல பொறந்து, உனக்கு விரல், எனக்கு உலக்கை."

அக்கா இயந்திரத்தை ஓட்டினாள். தையல் கோணலாகப் போயிற்று. நிறுத்தினாள்.

"பத்தும் ஒரே நாள்ல வாசிச்சது."

"எது?"

"நான் அனுப்பினது. முந்தின வாரம் ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து பத்துத் தடவை வாசிச்சுப் பதிவு பண்ணினேன். மோசமானது முதல்ல, நல்லது கடைசியில. வரிசையா வெச்சுத் தினம் ஒண்ணு அனுப்பினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் வயலின் பெட்டியைத் திறக்கவே இல்ல. தைக்கக் கிடந்த துணியெல்லாம் அது மேலதான் இருக்கு."

தங்கை திட்டுவாள், இல்லை சிரிப்பாள் என்று அக்கா காத்திருந்தாள். இரண்டும் நடக்கவில்லை.

"உங்கக்கா மாதிரி உழைக்கணும்னு டீச்சர் சொன்னப்போ, நீ என் பக்கத்துலதானே இருந்தே?"

"இருந்தேன்."

"தலையாட்டினே."

"ஆட்டினேன்."

அக்காவுக்குக் காது மடல் சுட்டது. சட்டைக்கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்றே பிடிபடவில்லை.

"அப்போ பத்து நாள் நிஜமா வாசிச்சா என்னோடது மாதிரிதான் வரும். அவ்வளவுதானே? அப்படின்னா நான் வயலினைத் திருப்பிக் கொடுக்கப் போறதில்ல."

"வகுப்புல மட்டும் சொல்லிடாதேடி. யார் மூஞ்சியிலயும் முழிக்க முடியாது."

"நான் எதுக்கு சொல்லணும்? உன்கிட்ட இருந்த பத்தும் தீர்ந்துபோச்சு. நாளைக்கு எதைக்கா அனுப்பப் போறே?"