அடிமூடிக்கு உள்ளே

காலையில் கடை திறந்ததும் முதலாளி செய்கிற முதல் வேலை, கண்ணாடி மேசையில் வரிசையாக நிற்கும் கேமிங் லேப்டாப்களுக்கு உயிர் கொடுப்பது. ஒவ்வொன்றாகப் பொத்தானை அழுத்திக்கொண்டே வருவார். விசைப்பலகைகள் சிவப்பும் நீலமும் பச்சையுமாக மின்னத் தொடங்கும். தெருவில் போகிற பிள்ளைகளின் கால் தானாக நிற்கும். பிள்ளையின் கால் நின்றால் பெற்றவர்களின் கை பைக்குள் போகும் என்பது அவருடைய இருபது வருட அனுபவம்.

கடையின் பின்பக்கம், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், பழுது பார்க்கும் அறை. அங்கே இருப்பவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். படிப்பால் வந்த பட்டம் இல்லை. எந்த லேப்டாப்பையும் பத்து நிமிடத்தில் திறந்து, நோய் இன்னதென்று சொல்லிவிடுவார். பழசைக் கொடுத்துப் புதுசு வாங்க வருகிறவர்களின் லேப்டாப்புக்கு மதிப்புப் போடுவதும் அவர்தான். நல்ல மனிதர். தெருநாய்க்கு ரொட்டி வைப்பார். கடை பெருக்குகிற அம்மாவுக்குத் தன் நாற்காலியைக் கொடுப்பார். ஆனால் அந்தக் கடையில் ஒரு பழக்கம் இருந்தது; அந்தப் பழக்கத்துக்கு அவர் பழகிப்போயிருந்தார்.

வாசலில் இருந்து முதலாளி, "டாக்டர், பாருங்க" என்றால் பார்த்து உள்ளதைச் சொல்ல வேண்டும். "டாக்டர், நல்லா பாருங்க" என்றால் வேறு அர்த்தம். லேப்டாப் எவ்வளவு ஆரோக்கியமாக இருந்தாலும் வெளியே வந்து தலையை ஆட்டி, "போர்டு போயிடுச்சு" என்று, அதாவது உள்ளே உயிர்நாடியாக இருக்கும் மதர்போர்டே எரிந்துவிட்டது என்று, சொல்ல வேண்டும். நல்ல பொருள் குப்பை விலைக்குக் கடைக்கு வந்துவிடும். கொடுத்தவர் கையோடு புதுசும் வாங்கிக்கொண்டு போவார். அடுத்த வாரம் அந்தக் 'குப்பை' துடைத்து மெருகேற்றப்பட்டு வேறொருவருக்கு நல்ல விலைக்குப் போகும்.

அப்படி விற்கும்போது எது நிஜமாகவே நல்லது, எது கெட்டது என்று குழம்பக்கூடாதே. அதற்காக, டாக்டர் ஒவ்வொன்றின் அடிமூடியையும் கழற்றியதும் அதன் உட்புறத்தில் தேதி போட்டு, உண்மையான நிலையைப் பென்சிலால் எழுதிவிடுவார். நாக்கு சொல்வது வாசலுக்கு. பென்சில் சொல்வது கடைக்கு. மூடி திருகப்பட்டுவிட்டால் அந்த எழுத்தைப் படைத்தவன் ஒருவனைத் தவிர யார் பார்க்கப்போகிறார்கள்?

அன்று திங்கட்கிழமை. தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்மணி, குழந்தையைத் தூக்குவதுபோல ஒரு கனமான லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். மகள் கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறாள். கடைசி வருடம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு குறும்படம் முடித்துக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஒரு நிறுவனம் வேலைக்கு எடுக்கப்போகிறது. லேப்டாப்போ பத்து நிமிடம் ஓடினால் அனலாகக் கொதித்து அணைந்துவிடுகிறது. மகளுக்கு வகுப்பு இருந்ததால் அம்மாவே கொண்டுவந்திருந்தாள்.

முதலாளி லேப்டாப்பைப் பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த உயர்ரகம். பிறகு தையல்காரம்மாவின் முகத்தைப் பார்த்தார். இந்தப் பொருளைப் பற்றி ஒன்றும் தெரியாத முகம்.

"டாக்டர், நல்லா பாருங்க" என்றார்.

டாக்டர் வெளியே வந்து லேப்டாப்பை வாங்கக் குனிந்தபோது, அவருடைய மேலங்கிப் பையிலிருந்து பென்சில் நழுவி அவள் காலடியில் விழுந்தது. பையின் அடித்தையல் விட்டுப்போய் ஒரு மாதம் ஆகிறது. அவள் பென்சிலை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பையையே பார்த்தாள்.

"கோட்டைக் கழட்டிக் குடுங்க தம்பி. பை இப்படி வாயைப் பொளந்துக்கிட்டு இருந்தா அதுல என்ன தங்கும்?"

"பரவாயில்லைம்மா."

"பரவாயில்லைன்னு விட்டாத்தான் கிழிசல் பரவும். குடுங்க. நீங்க என் பொருளைப் பாருங்க, நான் உங்க பொருளைப் பாக்குறேன்."

கைப்பையிலிருந்து ஊசியும் நூலும் எடுத்து அங்கேயே உட்கார்ந்து தைத்தாள். நாலு தையல் போதும் என்கிற இடத்தில் எட்டுப் போட்டாள். பல்லால் நூலைக் கடித்து அறுத்து, பையை இழுத்துப் பார்த்து, கண்ணாடித் தடுப்பருகே வந்து கொடுத்துவிட்டுப் போனாள். காசு வாங்கவில்லை.

டாக்டர் அடிமூடியைக் கழற்றினார். விசிறியைச் சுற்றித் தூசி கம்பளிபோல அப்பியிருந்தது. தையல் கடையும் வீடும் ஒன்றாக இருக்கிற இடத்தில் பஞ்சும் நூலும் பறக்காமல் என்ன செய்யும்? தூரிகையால் தட்டி, சூட்டை இழுக்கும் வெப்பப் பசையை மாற்றினால் பத்து நிமிட வேலை. சோதித்துப் பார்த்தார். போர்டு பழுதில்லை. படம் செய்யத் தேவையான கிராஃபிக்ஸ் கார்டும் நினைவகமும் வாசலில் மின்னுகிற புதுசுகளுக்குக் கொஞ்சமும் இளைத்தவை இல்லை. அந்தப் புதுசுகளின் விலையில் பெரும்பங்கு விளக்குக்கும், விளையாட்டுக்கு மட்டுமே பயன்படுகிற அதிவேகத் திரைக்கும்தான் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு அவை எதற்கு?

தைத்த பையிலிருந்து பென்சிலை எடுத்தார். தேதி போட்டு எழுதினார்: 'போர்டு நலம். விசிறியில் தூசி மட்டும்.' மூடியைத் திருகினார். வெளியே வந்தார்.

"போர்டு போயிடுச்சும்மா" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பொய்க்கு ஒரு காரணம் சொன்னால்தான் நம்புவார்கள் என்று முதலாளி கற்றுக்கொடுத்த வாசகம் ஒன்று உண்டு. அது அவர் நாக்கில் தானாக வந்தது: "பாப்பா ராத்திரி பகலா கேம் ஆடியிருக்கும்போல. சூடு தாங்காம எரிஞ்சிருக்கு."

அவள் முகம் சுருங்கியது. "அவ ஆட மாட்டாளே தம்பி. படம் செய்யுறேன்னுதானே சொன்னா."

முதலாளி சிரித்தார். "எல்லாப் பிள்ளைங்களும் அப்படித்தாம்மா சொல்லும். கேமிங் லேப்டாப்பை வாங்கிக் குடுத்துட்டு ஆடலைன்னா எப்படி?"

பிறகு அவர் புதுசுகளைக் காட்டினார். விளக்குகளின் நிறத்தை மாற்றிக் காட்டினார். இது இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை படம் இல்லை, படம் இல்லாவிட்டால் வேலை இல்லை என்று அவளுக்குப் புரியும்படி எடுத்துச் சொன்னார். அவள் யோசித்துச் சொல்வதாகப் பழசை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

அந்த வீட்டில் அன்று நடந்ததைக் கடையில் யாரும் பார்க்கவில்லை. மகள் வகுப்பு முடிந்து வந்ததும் அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள்: நீ கேம் ஆடினாயா? மகள் இல்லையென்றாள். படித்தவர் திறந்து பார்த்துச் சொன்னதைவிட நீ சொல்வது பெரிதா என்றாள் அம்மா. மகள் அழுதாள். அழுகையும் நடிப்பு என்றாள் அம்மா. இருபது வருடம் ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் சாப்பிட்ட இருவர். அன்றிலிருந்து ஒருத்தி சுவரைப் பார்த்துப் படுத்தாள், ஒருத்தி சாப்பிடாமல் படுத்தாள். மறுநாள் காலையில் அம்மா தன்னுடைய மோட்டார் தையல் மிஷினை அடுத்த தெருத் தையல்காரருக்கு விற்றாள். வீட்டில் மிஞ்சியது காலால் மிதிக்கிற பழைய மிஷின் ஒன்றுதான். மதியத்துக்குள் புது லேப்டாப் வாங்கிவிட்டாள். பழசுக்குக் கிடைத்த தொகை, புதுசைப் போட்டுக் கொடுத்த பையின் விலைக்குத்தான் வந்தது.

புதன்கிழமை அம்மாவும் மகளும் புதுசைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார்கள். பாதி முடிந்த படம் பழைய லேப்டாப்பில் இருந்தது. அதைப் புதுசுக்கு மாற்ற வேண்டும். மகளைத் தனியாக அனுப்ப அம்மாவுக்கு மனமில்லை. இருவரும் ஒரு ஆள் இடைவெளி விட்டு நின்றார்கள்.

முதலாளி வாசலில் ஒரு தகப்பனுக்கும் மகனுக்கும் விளக்குகளை மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தகப்பன் கையிலும் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. மகள் கண்ணாடித் தடுப்பு வரை வந்து தயங்கினாள்.

"சார், நான் பக்கத்துல நின்னு பாக்கலாமா? ஃபைல் போயிடுச்சுன்னா ஆறு மாச உழைப்பு போயிடும்."

வாடிக்கையாளர் உள்ளே வரக்கூடாது என்பது கடையின் சட்டம். டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இமைகள் வீங்கியிருந்தன. அவருக்குப் பாவமாக இருந்தது. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரும்மா" என்றார். தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

அந்த இரக்கத்தில் அவர் ஒன்றை மறந்தார். தினமும் இருபது முறை செய்கிற கை, அடிமூடியைக் கழற்றி, வழக்கம்போல உட்புறம் மேலே தெரியும்படி மேசையில் வைத்தது.

மகள் படித்தாள். மறுபடி படித்தாள். டாக்டர் படம் பதிந்திருந்த சேமிப்பு வட்டை வெளியே எடுத்துத் திரும்பியபோது, அவள் மூடியைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றிருந்தாள்.

"இது யாரு எழுதினது?"

அவர் கையிலிருந்த வட்டை மேசையில் வைத்தார்.

"திங்கட்கிழமை தேதி போட்டிருக்கு. அன்னைக்குத்தானே எங்கம்மாகிட்ட போர்டு எரிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்க? நான் கேம் ஆடி எரிச்சேன்னு சொன்னீங்க?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மூடியோடு வாசலுக்கு வந்து, அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாவின் மடியில் அதை வைத்தாள். "படிம்மா. நான் சொன்னா நம்பமாட்டே. எழுதினதையாவது நம்பு."

தையல்காரம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். முதலாளி இரண்டே எட்டில் வந்து மூடியைப் பிடுங்கப் பார்த்தார். அவள் விடவில்லை. துணியைப் பிடித்துப் பழகிய விரல்கள்.

"அது வேற லேப்டாப்போட மூடிம்மா, மாறிடுச்சு. டாக்டர், சொல்லுங்க இவங்களுக்கு."

டாக்டர் தடுப்பருகே வந்து நின்றார். தகப்பனும் மகனும் அவரையே பார்த்தார்கள். வீட்டு வாடகையும் இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கின. வழக்கம்போலக் கை மேலங்கிப் பைக்குப் போனது. விரலில் அந்த எட்டுத் தையலும் தட்டுப்பட்டன.

"மாறலை" என்றார். "அது அவங்களோடதுதான். எழுதினது நான். போர்டு நல்லா இருக்கு. நான் பொய் சொன்னேன்."

முதலாளியின் முகம் கறுத்தது. "யார் சோத்தைத் தின்னுட்டு யாருக்குய்யா பேசறே? உன் வீட்டு அடுப்பு இந்தக் கடையாலதான் எரியுது, தெரியுமில்லே?"

"தெரியும் முதலாளி. அதனாலதான் இத்தனை வருஷம் ஊர்ப்பட்ட வீட்டுல தீ வெச்சேன்."

தையல்காரம்மா எழுந்தாள். குரல் நடுங்கவில்லை.

"மிஷினை வித்தேன். அது போனா போகுது, காலால மிதிச்சுப் பிழைச்சுக்குவேன். ஆனா என் பொண்ணைப் பொய்க்காரின்னு என் வாயாலயே சொல்ல வெச்சீங்களே, அதுக்கு என்ன விலை போடுவீங்க? சொல்லுங்க. நீங்கதானே இங்க எல்லாத்துக்கும் மதிப்புப் போடறவங்க. பெத்தவ வெச்ச நம்பிக்கைக்கு எவ்வளவு? புதுசா பழசா பாத்துச் சொல்லுங்க."

மேசையில் லேப்டாப்கள் மட்டும் வெட்கமில்லாமல் நிறம் மாறிக்கொண்டிருந்தன.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றார் டாக்டர்.

"எங்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க? அவகிட்ட கேளுங்க." சொல்லிவிட்டு ஒரு கணம் நின்றாள். கோபம் திசை மாறித் தன் மேலேயே திரும்பியதுபோல் இருந்தது. மகளின் பக்கம் நகர்ந்து அந்த ஒரு ஆள் இடைவெளியை அவளே மூடினாள். "நானும் கேக்கணும். கோட்டுப் போட்டவர் சொன்னா உண்மை, வயித்துல பொறந்தது சொன்னா பொய்னு நினைச்சேன் பாரு."

மகள் அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

டாக்டர் உள்ளே போய்ப் பழைய லேப்டாப்பையும் தூரிகையையும் கொண்டுவந்தார். அறைக்குள் அல்ல, வாசலில், எல்லோர் கண்ணெதிரிலும் கண்ணாடி மேசைமேல் வைத்து வேலை செய்தார். கம்பளித் தூசி திட்டுத் திட்டாக உதிர்ந்தது. பசை தடவினார். வட்டைப் பொருத்தி மூடியைத் திருகினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. மகள் தன் படத்தை ஓட்டிப் பார்த்தாள். அரைமணி நேரம் ஓடியும் லேப்டாப் சூடாகவில்லை, அணையவில்லை.

பெட்டிகூடக் கசங்காத புதுசைத் திருப்பி எடுத்துக்கொண்டு, வாங்கிய பணத்தை முழுதாகக் கொடுப்பதைத் தவிர முதலாளிக்கு வேறு வழி இருக்கவில்லை. வாசலில் அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று டாக்டரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அடுத்த தெருத் தையல்காரர் சங்கதியைக் கேட்டதும் மிஷினைக் கொடுத்த விலைக்கே திருப்பிக் கொடுத்தார். இரண்டு நாள் ஓட்டியதற்கு எண்ணெயும் போட்டுக் கொடுத்தார். உலகம் அப்படிப்பட்டவர்களால்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆனால் அதற்கு முன்னால் கடையில் ஒன்று நடந்தது. டாக்டர் மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போடப் போனார். தையல்காரம்மா தடுத்தாள்.

"அதை எடுத்துட்டுப் போங்க தம்பி. நான் தைச்சது கடைக்கு இல்ல, உங்களுக்கு." கோபம் இன்னும் அடங்கவில்லை, ஆனாலும் சொன்னாள். "தொழில் தெரிஞ்சவங்களை நம்பித்தான் தெரியாதவங்க பொருளைக் கையில குடுக்கறாங்க. தெரியாதவங்ககிட்ட உண்மையைச் சொல்றதுதான் தெரிஞ்சவங்களோட மதிப்பு. இனிமே உள்ள எழுதறதையே வெளியிலயும் சொல்லுங்க."

டாக்டர் தலைகுனிந்து மேலங்கியை மடித்து எடுத்துக்கொண்டு படியிறங்கப் போனார். அப்போது, இவ்வளவு நேரமும் மகனோடு நின்று பார்த்துக்கொண்டிருந்த அந்தத் தகப்பன் தன் பழைய லேப்டாப்பை மேசைமேல் வைத்தார்.

"ஒரு நிமிஷம் இருங்க. போறதுக்கு முன்னாடி இதையும் திறந்து காட்டிட்டுப் போங்க" என்றார். "இங்கேயே, என் கண்ணு முன்னாடி."