நூற்று நாற்பத்து நான்கு ரசீதுகள்

எங்கள் கல்யாணம் ஆறு வருடம் நன்றாகத்தான் போயிற்று. காரணம், நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. எனக்குக் குளிர்பதனக் கிடங்கில் இரவு ஷிப்ட். ஆறு அறைகளில் எவ்வளவு குளிர் இருக்கிறது என்று மணிக்கொரு தரம் எழுதிவைக்கும் வேலை. அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் காலை ஷிப்ட். நான் வீடு வரும்போது அவள் கிளம்பியிருப்பாள். அவள் வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன்.

இந்த வருடம் ஒருநாள் அந்த வேலையை விட்டுவிட்டேன். அலுத்துவிட்டது, அவ்வளவுதான். கூரியர் ஆபீஸில் பகல் வேலை கிடைத்தது, பார்சலுக்கு எடை போடுவது, சம்பளம் பாதி. முதல்முறையாக மாலை ஆறு மணிக்கு இருவரும் ஒரே வீட்டில் விழித்திருந்தோம். நான் சாப்பிடும் சத்தம் அவளுக்கு ஆகவில்லை. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டுத் தங்கையோடு பேசுவது எனக்கு ஆகவில்லை. மூன்றே மாதத்தில் விவாகரத்து மனு போட்டாயிற்று. அன்றிலிருந்து அவள் என்னை ‘நீங்க’ என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

எனக்கு ஒரே கவலை, தனி அறை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒன்று பார்த்திருந்தேன். அட்வான்ஸ் ஐம்பதாயிரம். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவதாக, அதற்குக் கீழே கடை வைத்திருக்கும் அறைக்காரர் சொல்லிவிட்டார். என் கையில் நாலாயிரம்தான் இருந்தது.

வியாழக்கிழமை மதியம் வக்கீலம்மா ஆபீஸில் உட்கார்ந்து, ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வது என்று பேசி, பொதுச்சொத்துப் பட்டியல் போட்டோம். இருவருக்கும் அவர் ஒருவரே வக்கீல். வீட்டில் இருக்கிற காகிதம் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லியிருந்தார். அவள் ஒரு பைல் கொண்டுவந்தாள். நான் ஒரு செருப்பு டப்பா.

"கூட்டுக் கணக்குல எவ்வளவு இருக்கு?"

"ஆறாயிரத்து நானூத்திப் பன்னெண்டு," என்றாள் என் மனைவி.

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். "இது என் பீஸுக்கே பத்தாதே."

"காசுக்காக இல்ல மேடம். இவரு குடும்பத்துக்குன்னு ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டதில்லை. வாடகை பேங்க்ல தானாப் போயிடும், சரி. தண்ணி, லிப்ட், மாடி லைட்டுன்னு மாசம் ஆயிரத்து ஐந்நூறு ஓனர் கையில குடுக்கணும். ஆறு வருஷமா நான் ஒருத்திதான் குடுத்தேன். ஒரு நாள் சொல்லிக் காட்டினதில்லை."

"யாரு, நீயா? வாய் கூசாமச் சொல்றியே. ஒண்ணாம் தேதி காலையில வேலை முடிஞ்சு வந்த கையோட அவர்கிட்ட குடுத்துட்டுத்தான் நான் படுப்பேன். நானும்தான் சொல்லிக் காட்டினதில்லை."

"ரசீது இருக்கா?" என்றார் வக்கீலம்மா.

அவள் பைலைத் திறந்தாள். நான் டப்பாவைக் கவிழ்த்தேன். வக்கீலம்மா சீட்டுப் பிரிப்பதுபோல மேசையில் ஜோடி ஜோடியாக வைத்துக்கொண்டே போனார். ஒரே மாதம், ஒரே தேதி, ஒரே கையெழுத்து. என்னுடையது எல்லாம் நீல மை, அவளுடையது எல்லாம் கறுப்பு மை. காலைக்கு ஒரு பேனா, மாலைக்கு ஒரு பேனா வைத்திருந்திருக்கிறார் மனிதர்.

"ரெண்டு பேரும் உண்மையைச் சொல்றீங்க," என்றார் வக்கீலம்மா. "இந்த ஆபீஸ்ல இது முதல் தடவை."

எழுபத்திரண்டு மாதம். ஒரு லட்சத்து எட்டாயிரம் அதிகம் கொடுத்திருந்தோம். அதையும் பட்டியலில் எழுதினார். இதைத் தவிர எங்களுக்கு வேறு பணம் எதுவும் இல்லை என்று கீழே ஒரு வரி சேர்த்து, இருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அன்று மாலையே ஓனர் வீட்டுக்குப் போனோம். கீழ்த்தளத்தில் இருக்கிறார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்.

"வாங்க, வாங்க. உங்க ரெண்டு பேரையும் சேர்த்துப் பார்த்து எவ்வளவு நாளாச்சு."

"பார்த்ததே இல்ல சார்," என்றேன்.

என் மனைவி ரசீதுகளை டீப்பாயில் பரப்பினாள். சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நீங்க ஆளுக்குப் பாதி தர்றீங்கன்னு நினைச்சேம்மா. இந்தக் காலத்துப் பிள்ளைங்க அப்படித்தானே."

"பாதியே ஆயிரத்து ஐந்நூறுன்னா முழுசு எவ்வளவு சார்?" என்றாள்.

முப்பத்தைந்து வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உள்ளே இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "நான் அப்பவே சொன்னேன். காலையில ஒருத்தர், சாயங்காலம் ஒருத்தர்னு வர்றாங்களே, என்னன்னு கேளுங்கன்னு. கேட்டா வர்றது நின்னுடும்னார்."

"நீ உள்ள போ."

"உள்ளதான் இருக்கேன்."

என் மனைவி முழங்கையால் என்னை இடித்தாள். "லிப்டைக் கேளு நீ," என்றாள் மெதுவாக.

"லிப்ட் போன வருஷம் எட்டு மாசம் ஓடலை சார். அதுக்கும் ரெண்டு தடவை காசு வாங்கியிருக்கீங்க."

"மாடி லைட்டு எரிஞ்சு ரெண்டு வருஷம் ஆகுது," என்று அவள் தொடர்ந்தாள். "நான் செல்போன் வெளிச்சத்துலதான் ஏறி வர்றேன்."

இப்படியே கால் மணி நேரம். அவள் விட்ட இடத்தில் நான் பிடித்தேன், நான் திணறிய இடத்தில் அவள் பிடித்தாள். இவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் எதையும் செய்ததில்லை. சார் கடைசியில் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டார்.

"தப்புதான். ஆனா கையில காசா இல்லை. பெரியவன் கடை வைக்கணும்னான், குடுத்துட்டேன். வாடகையில கழிச்சுக்கங்க. பன்னெண்டாயிரம் வாடகை, கரெக்டா ஒன்பது மாசம். ஒரு பைசா தர வேணாம், சும்மா இருங்க."

அவர் மனைவி இப்போது வெளியே வந்திருந்தார். "இருங்கம்மா. ஒன்பது மாசத்துல எது வேணா நடக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. நாளைக்கு வெள்ளிக்கிழமை. இன்னும் ஒன்பது மாதம் ஹாலில் மடக்குக் கட்டில்.

"பாதியாவது காசா குடுங்க சார்."

சார் தலையை ஆட்டினார். என் மனைவி டீப்பாயில் கிடந்த ரசீதுகளை அடுக்கிப் பைலில் வைத்தாள்.

"இந்த வீட்ல நான் இருந்துக்கறேன்," என்றாள். "ஒன்பது மாசமும் என் பேர்ல எழுதிக்கங்க சார். இவரு பங்கு அம்பத்து நாலாயிரத்தை நான் குடுத்துடறேன்."

"எப்போ?" என்றேன்.

"இப்பவே."

மாடிக்குப் போனாள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். கையில் பரிசோதனை நிலையத்தின் பழுப்பு உறை, மேலே ‘வீட்டு விசிட், ஞாயிறு’ என்று எழுதியிருந்தது, நன்றாகப் புடைத்திருந்தது. வாங்கித் திறந்தேன். நோட்டுகளில் ஸ்பிரிட் வாசனை அடித்தது. நான் தூங்கிக் கழித்த ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்திருக்கிறாள் என்று புரிந்தது. மதியம் கையெழுத்துப் போட்ட பட்டியலில் இந்தப் பணம் இல்லை. அப்படியென்றால் இதில் பாதி, இருபத்தேழாயிரம், பேசியபடி என்னுடையது. மாடியில் இன்னும் எவ்வளவு இருக்கிறதோ.

வாயைத் திறந்தால் மறுபடி வக்கீலம்மா, மறுபடி பட்டியல், மறுபடி பீஸ். அதற்குள் அறை போய்விடும். அவளுக்கும் அது தெரியும். எதிரில் நின்று, ஊசி போட நரம்பு தேடுகிறவள்போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பார்க்கறீங்க?"

"எண்ணிட்டிருக்கேன்."

"சரியா இருக்கா?"

நான் எதையும் மறைக்கவில்லைதான். மறைக்க எதுவும் இல்லை, இருந்திருந்தால் மறைத்திருப்பேன். கோபம் வருகிறதா என்று பார்ப்பதற்காக இன்னொரு தடவை எண்ணினேன். வரவில்லை. இருபத்தேழாயிரத்துக்கு ஒரு கதவு, அதற்கு என்னிடம் மட்டும் சாவி. மலிவுதான்.

"சரியாத்தான் இருக்கு," என்றேன்.

சார் ஒரு வெள்ளைத்தாளில் எழுதித் தந்தார். இருவரும் கையெழுத்துப் போட்டோம், அவர் மனைவி சாட்சி. உறையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, அறைக்காரர் கடையைச் சாத்துவதற்குள் போய்ச் சேர வேண்டுமே என்று எழுந்து நடந்தேன்.