பதிமூன்று சீட்டுகள்

1
நகராட்சியைப் பற்றி ஒரு பத்திரிகைக்குக் கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டாவது பத்தியில் கார்குழலி வந்துவிட்டார். அதற்குப் பிறகு கட்டுரை நகரவில்லை.

‘மூலக்குளத்தில் அன்று பெய்த மழை’ என்று தொடங்கினேன். (அடித்துவிட்டேன். மழையைச் சொன்னால் தப்பெல்லாம் மழையுடையதாகிவிடும்.)

2
கார்குழலி 2006 தேர்தலில் கவுன்சிலரானவர். பதவிக்காலம் முடிந்தது, பிறகு எங்கள் ஊரில் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை. ஆனாலும் சாக்கடை அடைத்தால் எங்கள் தெரு அவர் கதவைத்தான் தட்டியது. அவரும் மனுவோடு அலைவார்.

[நகராட்சி என்பது நகரத்தை ஆள்வதா, நகரம் தன்னை ஆள்வதா? இங்கே இரண்டு பக்கம் எழுத ஆசை. நேரமில்லை, லினெட் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது.]

3
லினெட் எங்கள் தெருக்காரி, கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். எழுந்திருக்க முடியாத அவள் அப்பாவின் கட்டில்வரை சாக்கடைத் தண்ணீர் ஏறியது. கார்குழலி மனு கொண்டுபோனார். இப்போது நீங்கள் யார் என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டாராம்.

அன்று மாலையே தெருவைக் கூட்டினார். நாமே ஓட்டுப் போட்டு ஓர் ஆளை அனுப்புவோம், நாற்பத்திரண்டு வீட்டுக் கையெழுத்தோடு போனால் அப்படிக் கேட்க முடியாது என்றார். தன்னைத்தான் தேர்ந்தெடுப்போம் என்று நம்பினார். எதிர்வீட்டு ஆரோக்கியம் எழுந்து லினெட் பெயரையும் சொன்னார். வீட்டுக்கு ஒரு சீட்டு, ஒரு பிளாஸ்டிக் வாளி.

லினெட் இருபத்தொன்பது. கார்குழலி பதிமூன்று.

நானும் லினெட்டுக்குத்தான் போட்டேன். கார்குழலியைப் பார்த்தாலே எனக்குச் சாக்கடை ஞாபகம் வந்தது. இதை ஒரு காரணம் என்று…

4
கார்குழலி மனுக் கட்டை லினெட்டிடம் கொடுத்தார்.

“எனக்கு என்னா பேசறதுன்னே தெரியாதுக்கா.”

“உங்கப்பா கட்டில்ல தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சின்னு சொல்லு, போதும். நானும் வரேன். முன்னால நீ போ.”

போனார்கள். மூன்றாம் நாள் லாரி வந்து அடைப்பை எடுத்தது. எங்கள் தேர்தலால் வந்ததா, எப்படியும் வந்திருக்குமா, தெரியாது. லினெட் வீட்டைக் கழுவ முதலில் போனவர் கார்குழலி.

5
முடிவு ஒன்று: அவரிடம் உண்மையைச் சொன்னேன், சிரித்தார். (பொய். இரண்டுமே நடக்கவில்லை.)

நடந்தது இது. துடைப்பத்தோடு திரும்பி வந்தவரை வாசலில் நிறுத்தி, கேட்காமலேயே சொன்னேன், என் ஓட்டு அவருக்குத்தான் என்று.

“உங்களோட சேத்து இருபது பேர் சொல்லிட்டாங்க சார்” என்றார். “வாளியில பதிமூணுதான் இருந்துச்சி.”

இதற்குமேல் நான் எழுதும் எந்த வரியும் என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இருக்கும். நீங்கள் எழுதுங்கள். உங்களுக்கு எங்கள் தெருவில் ஓட்டு இல்லை.