டொனால்டுகளுக்கு நடுவே ஒரு முருகேசன்

ஸ்கார்வே தீவில் கடல் பாதியில் நின்று வெகுகாலமாகிறது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மீன்கள்கூடப் பழகிக்கொண்டன. அருள்மணி தன் அப்பாவின் வம்சத்தைத் தேடி, போத்தனூரில் டவுன் பஸ் ஏறி அங்கே போய்ச் சேர்ந்தாள். "ஸ்காட்லாந்து எல்லாம் எறங்குங்க" என்றார் கண்டக்டர். அவள் ஒருத்திதான் இறங்கினாள்.

அப்பா முருகேசன் போன தை மாதம் காலமாகியிருந்தார். ரயில் எஞ்சின் ஓட்ட வந்து, போத்தனூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்ட ஆங்கஸ் என்ற வெள்ளைக்காரரின் மகன். "எங்களுக்கும் ஒரு தீவு இருக்குதுங்க" என்று சாகும்வரை சொன்னார், பாவம். தெருவே சிரித்தது. அருள்மணிக்கு அது ஆறவே இல்லை. அந்தத் தீவு தன் வாயால் அப்பா பெயரை ஒருதரம் சொல்லக் கேட்டுவிட வேண்டும். அதற்குத்தான் வந்தாள்.

குன்றின்மேல் தலைமுறைக்கு ஒரு வீடு. மேலே போகப் போக ஆட்கள் பழையவர்கள். வயது மட்டும் குறைந்துகொண்டே போனது. உச்சி வீட்டின் மூதாதை தொட்டிலில் கிடந்தார். மீசை இருந்தது.

சாயங்காலம் எல்லோரும் வாசலுக்கு வந்து வம்சத்தைச் சொல்வார்கள். சொல்லி முடித்தால்தான் கடல் நகரும். டொனால்ட், அவன் மகன் ஆங்கஸ், அவன் மகன் டொனால்ட் என்று மேலிருந்து வீடு வீடாகக் குரல் இறங்கும். பேரனுக்குத் தாத்தா பெயர்தான் என்பது வழக்கம். கடைசி வீட்டு வாசலில் அவள் தாத்தா ஆங்கஸ் நின்றார். தன் பெயரோடு நிறுத்தினார். வழக்கம்போல் வரிசை அங்கேயே நின்றுபோனது, கடலும் நகரவில்லை.

"ஏங்கண்ணு, நீ யாரு?" என்று கேட்டார் கொள்ளுத்தாத்தா டொனால்ட். கையில் ஆட்டு ரோமம் வெட்டும் கத்தரி. அங்கே எல்லோரும் கோயமுத்தூர்த் தமிழ்தான் பேசினார்கள்.

"ஆங்கஸ் பேத்திங்க. முருகேசன் மக."

"ஆங்கஸ் மகன் டொனால்டாத்தான் இருக்கோணும்."

"இல்லீங்க. முருகேசன்."

"வரிசை ஒடையுதே. ஒண்ணு பண்ணலாம். உங்கப்பனை டொனால்டுன்னு வெச்சுக்கலாம். நீ ஆங்கசினா. பொண்ணா இருந்தா தாத்தா பேருக்கு 'இனா'ன்னு வால் ஒட்டுவோம். ஒரு ஊடும் தர்றோம், ஆடும் தர்றோம்."

ஆசையாகத்தான் இருந்தது. கடலைப் பார்த்த வீடு. ஆடுகளும் லட்சணமானவை. ஆனால் பெத்த அப்பனைக் கொடுத்து வீடு வாங்குவதா? அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஊடும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். எங்கப்பன் பேரு முருகேசன். சொல்றதுன்னா சொல்லுங்க. இல்லாட்டி கடல் இப்படியே கெடக்கட்டும்!"

"அதானே" என்றது ஓர் ஆடு.

கொள்ளுத்தாத்தா மகனைப் பார்த்தார். "ஏன்டா இப்படிப் பேரு வெச்சே?"

"பிரசவம் சிக்கலாயிருச்சுங்கப்பா" என்றார் ஆங்கஸ். "ரெண்டு உசுரும் பொழைச்சா கொழந்தைக்கு உன் பேரு வெச்சு மொட்டை போடறேன்னு மருதமலை முருகனுக்கு நேந்துக்கிட்டேன். உங்ககிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சுங்க."

"அட கூறுகெட்டவனே! சாமி காரியம்னு மொதல்லயே சொல்றதுக்கென்ன? மொட்டை போட்டியா?"

"லீவு கெடைக்கலீங்க."

"அதான் கடல் நிக்குது" என்றது தொட்டில்.

அருள்மணி பாறைமேல் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்தாள்.

"அப்பனுக்கு விட்டுப்போனதை நான் குடுக்கறனுங்க. வெட்டுங்க."

ஆட்டுக்கு வெட்டுகிற மாதிரியே, காதைப் பிடித்துக்கொண்டு பதமாக வெட்டினார் கொள்ளுத்தாத்தா. முதல் கற்றை விழுந்ததும் ஆங்கஸ் தொண்டையைச் செருமினார்.

"அவன் மகன் முருகேசன்" என்றார்.

முருகேசன் என்றது மேல்வீடு. முருகேசன் என்றது அதற்கும் மேல்வீடு. தொட்டிலும் சொன்னது. அருள்மணி வாய்விட்டு அழுதாள். கடல் மெல்ல நகர்ந்து அவள் காலுக்கு வந்தது.

அவள் தலையைத் தடவிக்கொண்டு எழுந்தாள். பின்னால் டொனால்டுகளும் ஆங்கஸ்களும் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வரிசையில் நின்றார்கள்.

"சந்தனம் கொண்டாந்தியா கண்ணு?" என்று கேட்டார் கொள்ளுத்தாத்தா.

அப்பாவின் சந்தன டப்பாவைக் கொண்டுவந்திருந்தாள். இத்தனை தலைக்குப் போதுமா என்பதுதான் கவலை.