எஞ்சினின் அக்கா

புற்றுநோய்ப் பிரிவில் அவளுக்கு வைத்த பெயர் எஞ்சின். அவள் வேலை அப்படி. நோயாளியை டாக்டர் அறையிலிருந்து ஸ்கேனுக்கு, அங்கிருந்து மருந்து ஏற்றும் அறைக்கு, வழி தவறாமல் கூட்டிப்போக வேண்டும். அவள் விறுவிறுவென்று முன்னால் நடக்க, பின்னால் நோயாளி, மகன், மருமகள், பை, பிளாஸ்க் என்று ரயில் பெட்டிகள் மாதிரி வரிசையாக வரும். வீட்டிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

வெறும் கதவு காட்டுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். யாருக்கு எந்தப் பரிசோதனை பாக்கி, யார் பயந்துகொண்டு வராமல் இருக்கிறார்கள், எல்லாம் அவளுக்கு விரல் நுனியில். அவள் வார்டு நர்ஸாக இருந்த காலத்தில் ஒரு அம்மாள் தப்பான கதவுக்கு வெளியே நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள். ஏன் என்று கேட்க ஒரு நாதியில்லை. வீட்டுக்குப் போனவள் திரும்ப வரவேயில்லை. அந்தக் காலி நாற்காலி மனசை அரித்துக்கொண்டே இருந்ததால்தான் எஞ்சின் இந்த வேலையைக் கேட்டு வாங்கினாள்.

அப்பேர்ப்பட்டவள் சொந்த அக்காவிடம் கோட்டை விட்டாள்.

போன மாதம் அக்கா வீட்டுச் சமையலறையில் இருவரும் பாத்திரம் கழுவும்போது அக்கா மெல்லச் சொன்னாள்: "மார்ல ஏதோ கட்டி மாதிரி தட்டுப்படுதுடி."

அக்காவின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டாமா? இவள் ஈரக்கையோடு போனை எடுத்தாள். அக்கா கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்ப்பதற்குள் டாக்டர், ஸ்கேன், ஊசியால் சதை எடுக்கும் பரிசோதனை எல்லாவற்றுக்கும் நேரம் வாங்கிவிட்டாள்.

"என்னையும் உன் பின்னாடி ஒரு பெட்டியா மாட்டிட்டியா?" என்றாள் அக்கா. அன்றோடு பேச்சு நின்றது. வாங்கிய நேரமெல்லாம் வீணாய்ப் போனது.

இத்தனைக்கும், புதிதாக வரும் யாரிடமும் எஞ்சின் முதலில் கேட்பது "சாப்பிட்டீங்களா? பயமா இருக்கா?" என்றுதான். மற்றதெல்லாம் அப்புறம். அக்காவிடம் மட்டும் அது வாயில் வரவில்லை. அன்று அதிகம் பயந்தது இவள்தான்.

அக்காவின் குரலுக்கு ஏங்கிப்போனாள். வராந்தாவில் யாராவது "ஏய்" என்றால் போதும், அக்காவோ என்று திரும்பிப் பார்ப்பாள். கட்டி யாருக்காகவும் காத்திருக்காது என்று இவளைவிட யாருக்குத் தெரியும்? போன் செய்தால் அக்கா எடுப்பதில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம் குரல் செய்தி அனுப்பினாள். "அக்கா, சாப்பிட்டியா? எனக்குப் பயமா இருக்குக்கா." அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

மறுநாள் காலை ஒரு பெரியவரை ஸ்கேன் அறையில் விட்டுத் திரும்பினால், காத்திருக்கும் நாற்காலியில் அக்கா. மடியில் பையைக் கட்டிப்பிடித்திருந்தாள். எஞ்சினின் கை தன்னால் போனுக்குப் போனது.

"அதை உள்ள வை. கூட்டிட்டுப் போக வேற ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்க. ஏன்க்கா?"

"இன்னிக்கு எனக்கு எஞ்சின் வேணாம். என் தங்கச்சி கூட வந்தா போதும்."

கூட வேலை பார்க்கும் நர்ஸ் முன்னால் நடந்தாள். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இவள் பின்னால் நடந்தாள். வருஷக்கணக்காக நடந்த வராந்தாதான். அது இவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.