தேன் பாட்டிலில் ஈர ஸ்பூன்

1

முதலில் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிறகு என்மேல் பழி வரக்கூடாது. சமையலறை மேசையில் ஜன்னல் பக்கம் மனைவி, கழுத்தில் மப்ளரோடு. எதிரே கணவர், கையில் பேனா, முன்னால் கோடு போட்ட தாள். அடுப்பு மேடைமேல் காலை ஆட்டிக்கொண்டு கொழுந்தியாள். (நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவள் நாற்காலியில் உட்காருகிற ரகமில்லை.) மேசை நடுவே தேன் பாட்டில். சற்று முன்புதான் அதைத் திறந்தார்கள். மூடி 'டப்' என்றது. சோடா பாட்டில் அப்படிச் சொல்லலாம். தேன் பாட்டில் சொல்லக்கூடாது.

அந்த 'டப்'பிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் வீட்டிலும் ஒரு பாட்டில் அப்படிச் சத்தம் போட்டது. யார் வேலை என்று கேட்டதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. கதையிலாவது ஒருவர் ஒப்புக்கொள்ளட்டுமே என்று எழுத உட்கார்ந்தேன்.

2

மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற தொண்டை, ஒரு வாரமாக இருமலில் கிடக்கிறது. அதற்கு அவள் கைவைத்தியம்: ஒரு ஸ்பூன் தேன், ஒரு சிட்டிகை மிளகுத்தூள், தெளியவைத்த இஞ்சிச் சாறு நாலு சொட்டு. நாக்கில் வைத்து மெல்ல இறக்க வேண்டும். தேனை வைத்துக்கொள்ளவும் அவளிடம் சட்டம் உண்டு. கண்ணாடி பாட்டில், இறுகிய மூடி, அடுப்புச் சூடு படாத அலமாரி, உலர்ந்த ஸ்பூன்.*

* ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்பவர்களுக்கு: கெட்டுப்போகாது, உறைந்துபோகும். கதைக்கு இது தேவையில்லை. ஆனால் வேறு எங்கே போய்ச் சொல்வது?

கணவர் மிகவும் நல்லவர். அவர் எப்போதும்—

(விட்டுவிடுகிறேன். நல்லவர் என்று தொடங்கினாலே நீங்கள் சந்தேகப்படுகிறீர்கள்.)

கணவருக்கு இருமல் இல்லை. தேன்மேல் ஆசை இருந்தது. டீ கலக்கிய ஸ்பூனை அப்படியே பாட்டிலுக்குள் விட்டு, தினமும் ஒரு வாய் வழித்துக்கொண்டிருந்தார். மாட்டினால் இருமத் தயாராகவே இருந்தார். வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். பகல் முழுக்க ஊரார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கொடுப்பவர், ஒரு ஸ்பூனைத் துடைக்கவில்லை. ஈரம் இறங்கியது, தேன் புளித்து நுரைத்தது.

(முதல் பிரதியில் அவர் பூட்டுக் கடை வைத்திருந்தார். அதில் இந்தக் கிண்டலுக்கு வழியில்லை. மாற்றிவிட்டேன்.)

3

கொழுந்தியாள் பாட்டிலை முகர்ந்தாள்.

"புளிச்ச வாடை. நம்ம தம்பி ஒரு அவசரக்குடுக்கை. தேனீங்க மெழுகால மூடறதுக்கு முன்னாடியே அடையை எடுத்திருப்பான். தண்ணி வத்தாத தேன் இப்படித்தான் பொங்கும்."

தம்பி என்றால் கணவருக்கு மச்சான். இருந்த வேலையை விட்டுவிட்டுத் தேனீ வளர்க்கிறான்; இது முதல் தேன். குறை இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள், மீதியைக் கடைக்குக் கொடுக்க மாட்டேன் என்று பாட்டிலோடு சொல்லியனுப்பியிருந்தான். அங்கே மீதித் தேன் டின் டின்னாகக் காத்திருக்கிறது. அவனைப் பைத்தியக்காரன் என்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

(போன் பண்ணலாமே என்கிறீர்கள். தேனீப் பெட்டி இருக்கும் இடத்தில் சிக்னல் கிடையாது. நான்தான் பிடுங்கினேன்.)

அந்த வீட்டுக் கடிதங்கள் எல்லாம் மனைவி சொல்ல, கணவர் எழுதுவதுதான். அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

"'அன்புள்ள தம்பிக்கு, நீ அனுப்பின தேன் பொங்கிடுச்சு.' எழுதிட்டீங்களா?"

"எழுதறேன்."

"'நீ அவசரப்பட்டு எடுத்துட்டேன்னு சின்னக்கா சொல்றா.' ஏங்க நிறுத்திட்டீங்க?"

"பேனா சரியா..."

"பேனாவுக்கும் தொண்டை கட்டிக்கிச்சா அத்தான்?" என்றாள் கொழுந்தியாள்.

அவர் இருமினார். நல்ல இருமல்தான், நேரம்தான் தப்பு.

"அட, உங்களுக்குமா?" மனைவி பாட்டிலை அவர் பக்கம் தள்ளினாள். "பாவம், தேன் இல்லாம என்னதான் பண்ணுவீங்க?"

4

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் கணவர் எழுந்து நின்று உண்மையைச் சொல்கிறார். கிழித்துவிட்டேன். கொழுந்தியாள் முன்னால் எப்படிச் சொல்வார்? ஆயுசுக்கும் விடமாட்டாள். இரண்டாவதில் கடிதம் அப்படியே போகிறது. மச்சான் தேனையெல்லாம் கொட்டிவிட்டுப் பழைய வேலைக்கே திரும்புகிறான். அதை எழுதிய பிறகு எனக்குக் கணவர் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. மூன்றாவதில் பழியை ஓர் எறும்பின்மேல்—

வேண்டாம். எறும்பு என்ன பாவம் செய்தது?

சரி, மனைவியிடமே விட்டுவிடலாம் என்று தோன்றியது. வண்டி எங்கே நிற்கவேண்டும் என்று அவளுக்குத்தானே தெரியும்.

"அவ்வளவுதான்," என்றாள் அவள். "கீழே இடம் இருக்குல்ல? உங்க மச்சானுக்கு நீங்களும் ரெண்டு வரி எழுதுங்க." எழுந்து தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நான் பாக்கக் கூடாதாக்கா?"

"பேசாம வாடி."

5

அவர் எழுதினார். இரண்டு வரியில் நிற்கவில்லை; தாளைத் திருப்பிப் பின்பக்கமும் போனது. இடது கையால் மறைத்துக்கொண்டு எழுதினார், தன்னை உண்டாக்கியவர் என்ற மரியாதைகூட இல்லாமல், என்னிடமிருந்தும். எட்டிப் பார்த்தேன். பெரிய கை. விரலிடுக்கில் ஒரே ஒரு சொல் தெரிந்தது: 'டீ'. மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னைவிட நன்றாகவே எழுதுவீர்கள்.

தாளை மடித்தார், உறையில் போட்டார், ஓரத்தை நாக்கால் தடவி ஒட்டினார். ஒட்டிக்கொண்ட பிறகும் கட்டைவிரலால் இரண்டு தரம் அழுத்தினார். செருப்பை மாட்டும்போது முன்னறையிலிருந்து கரகரத்த குரல் வந்தது.

"ஏங்க, ஒட்டிட்டீங்களா?"

"ஒட்டிட்டேன்."

"சரி. இனிமே டீ ஸ்பூனத் துடைச்சிட்டு எடுங்க."

அவளுக்கு நான் சொல்லவில்லை. சத்தியமாக.

கணவர் இருமவில்லை. தெருமுனைவரை போய், தபால்பெட்டியின் வாயில் உறையை வைத்து, ஒரு கணம் பிடித்திருந்து, விட்டார். பெட்டி காலி போலிருக்கிறது. உள்ளே 'டப்' என்றது.