எது தின்ன வருகிறதோ

1

இந்தக் கதை எனக்கு ஆனைமலைச் சந்தையில் கிடைத்தது. 1934இல் சிறுத்தை ஒன்று கன்றை அடித்ததாம். தோட்டத்துச் சொந்தக்காரர் மிச்ச உடலில் விஷம் வைத்தாராம். சொன்னவர் அதோடு நிறுத்தி வெற்றிலை போட்டுக்கொண்டார். இவ்வளவு சுருக்காக முடிகிற கதையை நான் நம்புவதில்லை.

முதல் தொடக்கம்: 'உறுமலோடு பாய்ந்த அந்தப் பயங்கரச் சிறுத்தை —' வேண்டாம். சிறுத்தையை யாருமே பார்க்கவில்லை.

2

சுப்பாத்தாளிடமிருந்து தொடங்குகிறேன். தாயில்லாத அந்தக் கன்றுக்குக் கையால் பால் ஊட்டி வளர்த்தவள் அவள். வாய்விட்டு அழுதாள். தோட்டத்துக்காரரான கணவர் பொங்கியண்ணன் அழவில்லை. கன்றின் கழுத்துக் காயத்தையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிறுத்தைதானுங்களா?"

"பல்லுப் பட்டதா, கத்தி பட்டதான்னு தெரியல அம்மணி. விஷம் வெக்கறேன். எது திங்க வருதோ, அதுதான் கொன்னுது."

(சிறுத்தையை மட்டும் நினைத்தா சொன்னார்? எனக்குச் சந்தேகம்.)*

"ஏனுங்க, விஷம் வெக்கறதச் சின்னாங்கிட்டச் சொல்லிப்போட்டீங்களா?"

"சொல்லாம இருப்பனா?" என்றார். அவள் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை.

* செத்த கன்று சின்னானுக்குச் சேரும் என்பது ஊர் வழக்கம். தோலை உரிப்பார், கறி அவர் வீட்டு அடுப்புக்கு. எது கொன்றிருந்தாலும், எடுத்துப்போக வருகிறவர் அவர்தான்.

3

விடிந்தபோது விஷம் வைத்த கன்று அங்கே இல்லை. இழுத்த தடம் பள்ளத்து ஓடை வரை போயிருந்தது. அந்தப்பக்கம் காடு. இந்தப்பக்கம் சின்னானின் குடிசை. கூரைக்கு மேல் புகை.

சுப்பாத்தாள் ஓடினாள். கணவர் சொல்லியிருப்பார் என்றது மனம்; கால்கள் நம்பவில்லை.

முடிவு ஒன்று: பள்ளத்தோரம் சிறுத்தை செத்துக் கிடந்தது. (எல்லோருக்கும் வசதி. கன்றைக் கொன்றது அதுதானா என்று அப்புறம் யாரும் கேட்கப்போவதில்லை.)

முடிவு இரண்டு: குடிசைக்குள் அவள் பார்த்தது — மாட்டேன். இதை எழுத மாட்டேன்.

சிறுத்தையை விஷம் வைத்துக் கொல்வது நியாயமா என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். விஷத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது. தெரியாது என்பது பொங்கியண்ணனுக்குத் தெரியும். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

4

சுப்பாத்தாள் வாசலில் மூச்சிரைக்க நிற்கிறாள். உண்மையைச் சொன்னால் கணவர் மாட்டிக்கொள்வார். உள்ளே சின்னானின் மனைவி கருப்பாத்தாள் அடுப்பிலிருந்து சட்டியை இறக்குகிறாள்.

"என்னங்கம்மா, இத்தன வெடியால வந்திருக்கீங்க?"

சட்டியில் என்ன வெந்தது என்று எனக்கும் தெரியாது. வெறும் ராகிக் களியாகக்கூட இருக்கலாம். சுப்பாத்தாளின் பதிலை நான் எழுதப்போவதில்லை. அவளுக்காக நீங்கள் சொல்லுங்கள்.

சீக்கிரம். கருப்பாத்தாள் வட்டிலை எடுத்துவிட்டாள்.